நீச்சல் குளப் பிடித்தம்

பாய்லர்காரருக்குப் பதவி உயர்வு வந்த அன்று ஆலையின் சங்கு தானாக இரண்டு தரம் ஊதியதாம். பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டவர்தான் ஒருவரும் இல்லை. அதை விடுங்கள்.

சூப்பர்வைசர் சம்பளம் நாற்பதாயிரம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதை நம்பி அவர் மனைவி வேறு வீடு பேசி வைத்துவிட்டாள். வாடகை ஆயிரம் கூட. ஆனால் ஜன்னலோடு ஒரு தனி அறை உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் புகையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு அந்த அறை. மாலைக்குள் சரியென்று சொல்லாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

கைக்கு வந்ததோ முப்பத்தோராயிரம். போன மாதம் வெறும் தொழிலாளியாக, ஓவர்டைமோடு வாங்கியது முப்பத்திரண்டு.

"ஏங்க, உங்களை மேலே ஏத்தினாங்களா, கீழே தள்ளினாங்களா?" என்றாள் மனைவி.

பாய்லர்காரர் நேரே கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தாவை ஆலை முழுக்க 'கழித்தல்' என்றே கூப்பிடும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்து வெகுகாலம்.

"சம்பளம் ஏறினா மொத்தத்துக்கும் பெரிய வரி போட்டுடுவாங்களாமே? கேன்டீன்ல சொல்றாங்க."

"சும்மா சொல்றாங்க அண்ணே. வரம்பைத் தாண்டின பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரி. உங்களுக்கு மொத்தமே ஆயிரத்தைந்நூறு. வைப்பு நிதி நாலாயிரம். அது உங்க பணம், வயசானப்புறம் வரும். காப்பீடு ஆயிரம்."

பாய்லர்காரர் விரல் மடக்கினார். "ஆறாயிரத்தைந்நூறுதானே ஆச்சு? மீதி ரெண்டாயிரத்தைந்நூறு?"

கழித்தல் இருமினார். "நீச்சல் குளம்."

"என்னது?"

"அதிகாரிங்க நீச்சல் குளம். சூப்பர்வைசர் ஆனா தானா பிடிச்சிடுவோம். வழக்கம்."

"எங்கய்யா இருக்கு?"

"இனிமேதான் வெட்டணும்."

"எவ்வளவு காலமா பிடிக்கிறீங்க?"

"நான் வேலைக்குச் சேரும்போதே பிடிச்சுக்கிட்டிருந்தாங்க."

பாய்லர்காரர் திரும்பி நடந்தார். உடை மாற்றும் அறைக்குப் போய், அரை டவுசரும் தோளில் துண்டுமாக, சோப்புப் பெட்டியோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"குளத்தைக் காட்டுங்க சார். குளிக்க வந்திருக்கேன்."

"யோவ், என்ன கோலம் இது! எந்த அதிகாரியாவது இதுவரைக்கும் கேட்டிருக்கானா?"

"வெட்கப்பட்டிருப்பாங்க சார். எனக்கு அதெல்லாம் கிடையாது. குளம் வர்ற வரைக்கும் தினம் இப்படியேதான் வருவேன். வரியைப் பிடிங்க, அதுல போட்ட ரோட்டுல நடக்கிறேன். வைப்பு நிதி பிடிங்க, கிழவனானா சாப்பிடுறேன். வெட்டாத பள்ளத்துக்கு என் பொண்ணோட ஜன்னலைப் பிடுங்க நீங்க யாரு?"

அதற்குள் அவர் பின்னால் ஒரு வரிசை. அதிகாரிகள் அத்தனை பேர் கையிலும் துண்டு. ஸ்டோர் அதிகாரி இடுப்பில் ரப்பர் வளையம்கூட மாட்டியிருந்தார், சத்தியமாக.

மேனேஜர் கழித்தலைக் கூப்பிட்டார். "இவருக்கு நிறுத்து. பிடிச்சதை இப்பவே கொடுத்தனுப்பு."

"இவருக்கு மட்டுமா?" என்றது ரப்பர் வளையம்.

பாய்லர்காரர் பணத்தை வாங்கி எண்ணிவிட்டு, அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டார்.

"வீட்டுக்குச் சரின்னு சொல்லிடு. முப்பத்து மூணாயிரத்தைந்நூறு வரும். நாற்பதுன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதே, அது கடிதத்துல மட்டும்தான் குடியிருக்கு."

"சரி, வீட்டுக்கு வாங்க."

"இப்ப எப்படி வர்றது? வரிசையில நிக்கிற அதிகாரிங்ககிட்ட இத்தனை வருஷம் பிடிச்ச பணம் எங்கேன்னு இன்னும் யாரும் வாயைத் திறக்கலை. நான் டவுசரை மாத்துறதா இல்லை."