இனிஷியல் எஸ்

போர்ச்சுக்கல்லில் முதல் ஆறு மாதமும் தமிழினியின் பெயர் செல்வகுமார். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, அவளாகக் கேட்டு வாங்கியதும் அல்ல. தினமும் காலையில் ஷூ கம்பெனியின் தையல் ஹாலில் மேற்பார்வையாளர் பெயர்ப் பட்டியலும் கையுமாக வந்து நின்று, குடும்பப் பெயர்களை வரிசையாகப் படிப்பார். ஃபெரைரா, கோஸ்தா, ஒலிவேரா என்று போய்க் கடைசியில் "செல்வாகுமார்" என்பார். தமிழினி வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள். அணைக்கட்டுப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் "உள்ளேன் ஐயா" என்று கூரை அதிரக் கத்தியவள்தான். இந்தப் பெயருக்கு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வர மறுத்தது.

எப்படி வரும்? செல்வகுமார் அவளுடைய பழைய புருஷன். நாலு வருடம் அவனோடு குப்பை கொட்டி, ரெண்டு வருடம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கி, விட்டது சனி என்று கடல் தாண்டி வந்தாள். வந்து பார்த்தால், சனி அவளுக்கு முன்னாலேயே விமானம் ஏறி வந்து வருகைப் பதிவேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

எல்லாம் ஒற்றை எழுத்து செய்த வேலை. அவளுடைய அப்பா சீனிவாசன், அதனால் கல்யாணத்துக்கு முன்னால் அவள் சீ. தமிழினி. கல்யாணமான மறுநாளே ஊர் அவளை செ. தமிழினி ஆக்கிவிட்டது. சீ, செ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே அலுத்துக்கொள்வது போலத்தான் இருக்கும். ஆங்கிலத்திலோ இரண்டும் எஸ். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவளை வெளிநாட்டுப் பயிற்சிக்குத் தேர்வு செய்தபோது, சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் பைபாஸ் ஓரம் முஸம்மிலின் கம்ப்யூட்டர் சென்டரில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாள். அவன் தலையைத் தூக்காமல் "வூட்டுக்காரர் பேரு?" என்றான். அவளும் சொன்னாள். கணவர் பெயர் கேட்ட இடத்தில் போட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'சர்நேம்' என்று இருந்த இடத்திலும் எஸ்ஸை விரித்துச் செல்வகுமார் என்று தட்டிவிட்டான். அப்போது அவள் மனைவி, அதனால் அது தப்பாகவே யாருக்கும் படவில்லை.

அந்தப் பயிற்சிக்கு அவள் போகவும் இல்லை. "பொம்பள ஏரோப்ளேன் ஏறி இன்னாத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டு, செல்வகுமார் கம்பெனிக் கடிதத்தை அவள் கண்ணெதிரே நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான். பாஸ்போர்ட் அரிசி டப்பாவுக்குள் இருந்ததால் தப்பியது. விவாகரத்துக்குப் பிறகு, சரக்கு பார்க்க வந்த போர்ச்சுக்கல்காரர் ஒருவர் சாம்பிள் ரூமில் அவள் கைத்தையலைப் பார்த்தார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இழுத்துத் தைக்கும் தையல் அது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் விடாது. எங்கள் ஊருக்கு வந்து எங்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடு என்று அவர் கேட்டார். தமிழினி அரிசி டப்பாவைத் திறந்தாள்.

அங்கே போய் வாடகைக்கு அறை பிடித்தாள், வரி எண் வாங்கினாள், ரொட்டிக்கடைக்காரியிடம் பாஷை பழகினாள். எல்லாம் நடந்தது. குடியிருப்பு அட்டை மட்டும் நடக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மாள் முதல் கேள்வியாக "அப்பெலீது?" என்றாள். 'அப்ப எலி இது' என்று காதில் விழுந்து தமிழினி காலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அந்த ஊர் பாஷையில் அது குடும்பப் பெயராம். எலியே தேவலை என்று பிற்பாடு தோன்றியது.

"பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் உங்கள் குடும்பப் பெயராக இருக்கிறது. விண்ணப்பத்தில் விவாகரத்து ஆனவர் என்கிறீர்கள். எது உண்மை?" போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள் அந்த அம்மாள்.

தமிழினி விவாகரத்துத் தீர்ப்பின் நகலை மொழிபெயர்ப்போடு நீட்டினாள். அதில் 'தமிழினி, த/பெ சீனிவாசன்' என்று இருந்தது. அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கி, இந்தச் சீனிவாசன் யார் என்று கேட்டாள். இனிஷியல் என்றால் என்ன என்பதைக் கால்மணி நேரம் விளக்கியும் பலனில்லை. கடைசியில் அந்த அம்மாள் இரக்கத்தோடுதான் இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கணவர் இருக்கிறார் என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்ட கடிதம். இல்லையென்றால், திருத்திய பாஸ்போர்ட். இருபத்தெட்டாம் தேதிக்குள் இரண்டில் ஒன்று வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. அட்டை இல்லையென்றால் வேலையும் இல்லை, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பன்னிரண்டு நாள் லீவில் தமிழினி ஆம்பூரில் வந்து இறங்கினாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக முஸம்மில் கடைக்குப் போனாள். அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அல்லா! நான்தான் போட்டேனா? அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திக்கா, சத்தியமா."

"நீ ஒரு எழுத்த விரிச்ச முஸம்மில், நான் அஞ்சு மாசமா அவன் பேருக்குக் கை தூக்கினு இருக்கறேன்."

"இதுக்கு ஒரு பைசா வேணாங்க்கா. தீர்ப்பு நகல் இருக்குது இல்ல? தட்கல்ல போட்ருவோம். புருசன் பேர எடுத்துட்லாம்." விரல் விசைப்பலகை மேல் நின்றது. "சர்நேம்ல இப்ப இன்னா போடட்டும்? நைனா பேரா?"

தமிழினி பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் போட்டாள். "நாளைக்கு வர்றேன்" என்று எழுந்தாள்.

அணைக்கட்டில் வீட்டு வாசலில் தெரிந்த பைக் நின்றது. உள்ளே செல்வகுமார், வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். அவள் அப்பா எதிரில். இரண்டு எஸ்ஸும் ஒரே பாயில். அம்மா கண்ணம்மாள் மட்டும் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

"வாமே" என்றான் செல்வகுமார், அவனே வீட்டுக்காரன் மாதிரி. "பேப்பர் மேட்டர்லாம் அத்தகிட்ட போன்ல சொன்னியாமே, மாமா சொன்னாரு. நான் ஒரு கையெழுத்துப் போட்டா உன் வேல முடிஞ்சிடுமாமே? போடறேன். நான் இன்னா அவ்ளோ கெட்டவனா?"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, புருசன்னு பேப்பர்ல இருந்தா என்னையும் அங்க கூப்ட்டுக்கலாமாம். விசாரிச்சுட்டேன்."

தமிழினிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்ட அதே கை இப்போது காகிதத்தில் கையெழுத்துப் போடத் தினவெடுக்கிறது.

அப்பா தொண்டையைச் செருமினார். மகள் கோர்ட்டுக்குப் போன அன்றிலிருந்து ரெண்டு வருடம் அவளோடு பேசாதவர். போர்ச்சுக்கல் போகிறேன் என்று சொன்னபோது, "போனா நீ எம் பொண்ணே இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர். "பேப்பருக்குத்தானம்மா. ஒண்டிப் பொம்பள, கண்காணாத தேசத்துல... ஒரு ஆம்பள பேரு பக்கத்துல இருக்கறது நல்லது இல்லியா?" என்றார். அவள் முறைத்ததும் ஒரு படி இறங்கி வந்தார். "சரி, அவன் பேரு வேணாம்னா எம் பேரப் போடு. பெத்தவன் பேரு. அதுல இன்னா கொறஞ்சிட்ச்சு?"

"நைனா, நீங்கதான் நான் உங்க பொண்ணே இல்லன்னீங்க."

"அது கோவத்துல சொன்னது."

"அவரும் லெட்டரக் கோவத்துலதான் கிழிச்சாரு." தமிழினியின் குரல் உயர்ந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் கோவம் வந்தா நான் யாருமில்ல. பிளேன் ஏறினதும் எம் பேரு பின்னாடி வந்து தொத்திக்கணுமா? தைக்கறது என் கை. ராத்திரி ஒக்காந்து அந்தப் பாஷ படிக்கறது என் தல. குளுருல வெறச்சுப் போறது என் காலு. இதுல எஸ்ஸு எங்கருந்து வந்துச்சு?"

செல்வகுமார் எழுந்தான். விபூதிக்குக் கீழே பழைய முகம் தெரிந்தது. "ரொம்பத் துள்ளாத. கையெழுத்து இல்லாம திரும்பி வந்து இதே ஆம்பூர்ல ஊசி குத்தினு நிக்கப்போற. அப்பப் பாக்கறேன்."

"நின்னா நிக்கறேன். ஊசி குத்தறது எனக்குக் கேவலமில்ல. உம் பேருக்குக் கை தூக்கறதுதான் கேவலம். கெளம்பு."

அவன் கிளம்ப மனமில்லாமல் மாமாவைப் பார்த்தான். மாமா பாயைப் பார்த்தார். கண்ணம்மாள் கதவை விட்டு வந்து, அவன் குடித்து முடிக்காத டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாசலில் பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து வேலூர் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வயதான அதிகாரி ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தார். "சர்நேம் காலியா இருக்குதேம்மா."

"தெரிஞ்சேதான் சார் விட்ருக்கறேன்."

"சட்டத்துல தப்பில்ல. ஆனா வெளிநாட்டுல சொந்தப் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கேப்பான். பேஜாராப் போயிடும். அப்பா பேரு போட்டுக்கயேன்."

"அப்பா பேரு கடைசிப் பக்கத்துல வருது இல்ல சார்? அது போதும். அவரு அங்கயே இருக்கட்டும்."

அதிகாரி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண் இருந்திருக்க வேண்டும். முத்திரையை எடுத்துக் குத்தினார்.

புதுப் பாஸ்போர்ட் லீவு முடிய ஒரு நாள் இருக்கும்போது தபாலில் வந்தது. பழையதை மூலை வெட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதில்தான் விசா இருந்ததால் அதையும் பையில் போட்டுக்கொண்டாள். மூலை போன செல்வகுமாரைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. ரயிலடி வரை அம்மா மட்டும் வந்தாள். அப்பா வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி அதே கவுண்டர், அதே அம்மாள். பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசிப் பக்கத்தில் சீனிவாசனைக் கண்டுபிடித்து, "ஆ" என்று தலையாட்டினாள். பாதித் தொல்லை விட்டது என்று தமிழினி மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள், "அப்பெலீது?" என்றாள் அந்த அம்மாள்.

"இல்லை."

அந்த அம்மாள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கட்டங்கள். மேல் கட்டம் காலியாக, சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதை நிரப்பாமல் இயந்திரம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஏதாவது ஒன்று போட்டே ஆக வேண்டும், அப்பா பெயர் போடட்டுமா என்று போனில் காட்டினாள்.

வேலூர்க்காரர் சொன்னது பலித்துவிட்டது. பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். சீனிவாசன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. அப்பா வருத்தமாகப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் நினைவுக்கு வந்து, தமிழினிக்கு ஒரு கணம் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் 'ஆம்பள பேரு பக்கத்துல இருக்கறது நல்லது' என்ற குரலும் கூடவே வந்தது. அவள் கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாகக் கையை நீட்டி, கீழ்க் கட்டத்தில் இருந்த தன் பெயரைத் தொட்டாள். அப்படியே விரலை மேல் கட்டத்துக்கு ஏற்றினாள்.

"இதுவா? இரண்டிலும் இதுவேயா?"

"ஆமா" என்றாள் தமிழினி, தமிழில். அந்த அம்மாளுக்குப் புரிந்தது.

அட்டை மூன்று வாரத்தில் வந்தது. கம்பெனி அலுவலகத்தில் கொடுத்துப் பதிவேட்டைத் திருத்தச் சொன்னாள். மறுநாள் காலை. மேற்பார்வையாளர் பட்டியலோடு வந்து நின்றார். ஃபெரைரா, கோஸ்தா, ஒலிவேரா. கடைசி வரியில் தடுமாறி, கண்ணைச் சுருக்கி, அச்சுப் பிழையோ என்று சந்தேகப்பட்டு, இருந்ததை இருந்தபடியே வாசித்தார்.

"தமிலினி... தமிலினி?"

நாற்பது தலைகள் திரும்பின. தமிழினி கையைத் தூக்கவில்லை. ஊசியை வைத்துவிட்டு எழுந்து நின்று, அணைக்கட்டுப் பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

"உள்ளேன்!"