குறை சொல்லும் நாள்

ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தின் கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் நீள்மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முதலில் தங்கள் குறையையும் பிறகு சக ஊழியரின் குறையையும் வாசிக்க வேண்டும் என்பது விதி. விதி கடுமையாக இருந்ததால் அதை அனுசரிக்கும் முறை மென்மையாக அமைந்துவிட்டது. யார் யாரை என்ன குறை சொல்வது என்று முந்தின நாளே பேசிவைத்துக்கொள்வார்கள். சீனாவில், ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள அந்த மாவட்டத்தின் வளர்ச்சி அலுவலகத்தில் இருபது வருடமாகப் புழக்கத்தில் இருந்த குறைகள் மூன்றுதான். ஓயாமல் உழைக்கிறார். உடம்பைக் கவனிப்பதில்லை. குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குவதில்லை. நான்காவதாக ஒருவர், 'தன் சாதனையைத் தானே வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்' என்று தலைவரைப் பற்றிக் கண்டுபிடித்தார். அந்த வருடப் பதவி உயர்வு, கண்டுபிடித்தவருக்குத்தான்.

இந்த வருடம் கூட்டத்தைப் பார்வையிட நகரத்திலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. காரணம் மின்பேருந்து ஆலை. மாவட்டம் அரசுப் பணத்தைக் கொட்டி வளர்த்த ஆலை அது. மூன்று வருடத்தில் பதினொரு பேருந்து செய்தது. அதில் ஒன்பதை மாவட்டமே வாங்கிக்கொண்டது. மீதி இரண்டும் வாசலில் நிற்க, முதலாளி மட்டும் தெற்கே போய்விட்டார். 'விமர்சனம் என்றால் முகம் சிவக்க வேண்டும், வியர்க்க வேண்டும்' என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தது.

பிரிவின் துணைத் தலைவன் ஷாவ் பிங்வென்னுக்கு ஜோடி வழக்கம்போல அவனுடைய பிரிவுத் தலைவி கெங் ஷூலான். அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அலுவலகம் முழுக்க அவருக்குக் கெங் அக்கா என்றுதான் பெயர்.

"இந்தத் தடவை உனக்கு எதைப் போடட்டும்? உடம்பா, குடும்பமா?" என்று சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டார்.

"குடும்பம் வேணாம் அக்கா. போன வருஷம் நீங்க படிச்சதை எவனோ என் வீட்டுக்காரிகிட்ட போட்டுக்குடுத்துட்டான். ஒரு மாசம் அதையே படிச்சா."

"அவ படிச்சதுதான் உண்மையான விமர்சனம். சரி, உடம்பு. மேசையிலயே நூடுல்ஸ் தின்னுட்டு வேலை பாக்குறேன்னு எழுதறேன். எனக்கு?"

"எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்குறாங்க, எங்களுக்கு விடறதில்லைன்னு."

"பொய்யா இருந்தாலும் கேக்க நல்லாருக்கு. எழுதிக்கோ."

மதியம் அலுவலகத் தலைவர் பியென் அவனைக் கூப்பிட்டார். கட்டடத்திலேயே பெரிய அறை. ஆனால் விதிப்படி அவருக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிடக் கூடாதென்று நடுவில் ஒரு அலமாரியை நிறுத்தி, அந்தப் பக்கத்துக்குச் 'சேமிப்பறை' என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். சேமிப்பறையில் சோபா இருந்தது.

"ஆலையை மதிப்பீடு செஞ்சது யார் பிரிவு?"

"எங்க பிரிவுதான், தலைவரே."

"ஒப்புதல் தாள்ல யார் கையெழுத்து?"

"கெங் அக்கா."

"அப்புறம் என்ன? அபாயத்தைச் சுட்டிக்காட்டத் தவறிட்டாங்கன்னு நாளைக்கு நீ எந்திரிச்சுச் சொல்லு. நான் சொன்னா பழிவாங்குற மாதிரி இருக்கும். நீ சொன்னா மனசாட்சி மாதிரி இருக்கும்."

"அவங்க சுட்டிக்காட்டினாங்களே, தலைவரே."

"அப்படியா? எந்தத் தாள்ல?"

எந்தத் தாளில் என்று உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒப்புதல் தாளில் கெங் அக்கா தன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தார்: 'உடன்பாடில்லை. இவ்வளவு பேருந்தை யார் வாங்குவார்கள்?' அடிக்கல் நாட்டும் தேதியே குறித்தாகிவிட்டது என்று பியென் குதித்தார். புதுத் தாளில் சுத்தமாகக் கையெழுத்து வாங்கிவர ஷாவை அனுப்பினார். அந்த மாதம்தான் பதவி உயர்வுப் பட்டியல். கெங் அக்கா கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்து, "இதுல போட்டா உன் பேரு பட்டியல்ல இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்றான். போட்டார். பழைய தாளைக் கிழிக்கச் சொல்லியிருந்தார் பியென். ஷாவ் கிழிக்கவில்லை. தன் இழுப்பறையில் பூட்டிவைத்து, அதையே தன் நேர்மையாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"போகப்போறவங்கதானே," என்றார் பியென். "ஒரு படி இறக்குவாங்க. ஓய்வூதியம் கொஞ்சம் குறையும். உயிரா போயிடும்? நீ இன்னும் இருபது வருஷம் இங்க இருக்கணும்."

மறுநாள் காலை எல்லாரும் மூடிபோட்ட தேநீர்க் குவளைகளோடு உட்கார்ந்தார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஒருவரை ஒருவர் தோழர் என்று கூப்பிடுவார்கள். பியென் தன் பொறுமையின்மையைத் தானே கண்டித்துக்கொண்டார். அடுத்து ஷாவ். தன் குறையை முடித்துவிட்டுத் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினான்.

"தோழர் கெங் ஷூலான் ஆலைத் திட்டத்தை மதிப்பிட்டபோது அபாயங்களைச் சுட்டிக்காட்டத் தவறினார். எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டிய இடத்தில் எந்த எதிர்ப்பும் இன்றிக் கையெழுத்திட்டார்."

வாக்கியத்தில் ஒரு சொல்கூடக் குழறவில்லை. அது பிற்பாடு அவனை உறங்கவிடாத விஷயம். நகரத்திலிருந்து வந்த இருவரில் மூத்தவரான மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார்.

கெங் அக்கா எழுந்தார். "ஏத்துக்குறேன்" என்றார். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், ஷாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பழைய தாளைப் பற்றிச் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட அவனுக்கு ஒரு கணம் தோன்றியது.

"தோழர் ஷாவ் பிங்வென் ஓயாமல் உழைக்கிறார், உடம்பைக் கவனிப்பதில்லை," என்று அவர் வாசித்தார். "மதிய உணவுக்குக் கூட எழுந்து போகாமல் மேசையிலேயே நூடுல்ஸ் சாப்பிடுகிறார். இதை அவர் திருத்திக்கொள்ள வேண்டும்."

ஷாவின் காதிலிருந்து கழுத்துவரை சூடு இறங்கியது. டிசம்பர் குளிரில் சட்டைக்குள் வியர்வை ஓடியது. தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குவளை மூடியைப் பார்த்தான்.

மேற்பார்வையாளர் பேனாவால் அவனைச் சுட்டினார். "எல்லாரும் இவரைப் பாருங்க. பத்து ஊர்ல உக்காந்து பாத்துட்டேன், நிஜமா ஒருத்தர் முகம் சிவந்து இப்பத்தான் பாக்குறேன். ஒரு நூடுல்ஸ் விஷயத்துக்கே இவ்வளவு கூச்சப்படுறார் பாருங்க. இதுதான் உணர்வு."

பியென் மெல்லக் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கெங் அக்காவும் தட்டினார்.

"வேற யாராவது எதையாவது சேர்க்கணுமா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். கேள்வி ஷாவைத் தாண்டி, மேசையைச் சுற்றி, கதவு வழியே வெளியே போய்விட்டது.

கூட்டம் முடிந்ததும் வெந்நீர்க் கொதிகலன் பக்கத்தில் கெங் அக்கா குவளையை நிரப்பிக்கொண்டு நின்றார். தப்பித்துப் போக வேறு வழியில்லாத நடைபாதை.

"பியென் சொல்லித்தானே?"

தலையாட்டினான்.

"தெரியும். உன் எழுத்துல 'அபாயங்கள்' எல்லாம் வராது." குவளை மூடியைத் திருகினார். "ஷாவ், அடுத்த வாரம் விசாரணைக்குக் கூப்பிடுவாங்களாம். அந்தப் பழைய தாளு... கிழிச்சிட்டியா?"

இழுப்பறை அங்கிருந்து பன்னிரண்டு அடி தூரம்.

"கிழிச்சிட்டேன், அக்கா. அன்னைக்கே."

"அதான் நல்லது," என்றார் அவர், உண்மையிலேயே ஆறுதலடைந்தவர் போல. "இருந்திருந்தா கேட்டிருப்பேன். கேட்டா உனக்குத்தான் தர்மசங்கடம். உன் சின்னப் பொண்ணு வேற வளர்ந்துட்டு வர்றா."

அவர் போன பிறகும் கொதிகலன் முன் நின்றான். குவளை கொண்டுவரவில்லை என்பதே வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

பிற்பகலில் பியென் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன்.

"மேற்பார்வையாளருக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாளைக்கு நீர்ப்பாசன அலுவலகத்துல இதே கூட்டம். அங்க ஒருத்தனுக்கும் முகம் சிவக்க மாட்டேங்குதாம். நீ போய் ஒருதரம் செஞ்சு காட்டணுமாம். முடியுமா?"

ஷாவ் வாயைத் திறந்தான். முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்ததாகத்தான் அவனுக்கு நினைவு.

"எத்தனை மணிக்கு வரணும், தலைவரே?" என்று கேட்டான்.