பிளாஸ்டிக் பூவைக் கொத்திய பறவை

"அந்தப் போத்தலை இப்பவே கழற்றுங்கள்! எலி வருகிறது!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியவர் பக்கத்து வீட்டு லிண்ட்னர். பிறேமாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் நாள் முழுக்க பஸ் ஓட்டி, கண்டவனிடமெல்லாம் ஏச்சு வாங்கிப் பழகியவள்தான். ஆனால் சொந்தத் தோட்டத்திலுமா?

"மைனஸ் ஆறு குளிரில் எந்த எலி சீனித்தண்ணி குடிக்க வருதாம்? கழற்ற மாட்டேன். போய் வேலையைப் பாருங்கள்," என்று ஜெர்மனில் வெட்டினாள்.

லிண்ட்னரின் முகம் சிவந்தது. அதில் கோபம் மட்டும் இல்லை, ஏதோ பதற்றமும் இருந்தது. பிறேமா அதைக் கவனித்தாள். அதற்குமேல் யோசிக்கவிடாமல் அவளுடைய கோபம் தடுத்தது.

போத்தல் தொங்கியதற்குக் காரணம் ஒரு பறவை. தோட்டத்தில் மாதா சிலை வைத்த கெபியை நத்தார்ப் பண்டிகைக்காகச் சிவப்பு பிளாஸ்டிக் பூவால் அலங்கரித்திருந்தாள். இன்று காலை, கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைப் பறவை, காதோரம் ஊதா மினுங்க, அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகக் கொத்திக் கொத்தி ஏமாந்துகொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. இருமல் மருந்துப் போத்தலில் சீனியைக் கரைத்து, சிவப்பு மூடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டாள்.

"தேன்சிட்டு!" என்று துள்ளினார் புருஷன் அன்ரன். "மன்னாரில எங்கட முருங்கையில நிண்டது இதுதான்."

"மன்னாரிலயிருந்து பேர்லினுக்கு விசா எடுத்து வந்ததாக்கும்?"

"நக்கலடிக்காத. தேன்சிட்டை எனக்குத் தெரியாதே?"

இப்போது பறவை மறுபடி வந்தது. பிறேமா மூச்சை அடக்கிப் பார்த்தாள். தேன்சிட்டென்றால் பெரும்பாலும் எதையாவது பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும். போத்தலைச் சுற்றி அத்தனை கிளை இருந்தும் இது உட்காரவில்லை. அந்தரத்திலேயே நின்று குடித்தது. குடித்து முடித்து, பஸ்ஸை ரிவேர்ஸ் எடுப்பதுபோல் நேரே பின்னால் பறந்தது.

"இஞ்சருங்கோ, இது தேன்சிட்டில்லை. மிருகக்காட்சிச்சாலையில கண்ணாடிக்குள்ள பாத்தமே, கொலிப்றி, ஹம்மிங்பேர்ட்! அமெரிக்காப் பக்கத்துப் பறவை. இந்த நாட்டு வானத்திலயே இல்லை."

"அப்ப எப்பிடி வந்தது?"

"ஆரோ கொண்டுவந்து பூட்டி வைச்சிருக்கினம். தப்பி வந்திட்டுது."

சொல்லும்போதே அவள் கண் வேலியைத் தாண்டியது. ஹீட்டர் செலவென்று ஊரெல்லாம் புலம்புகிற லிண்ட்னர் வீட்டு மாடி ஜன்னல், இந்தக் குளிரில் அகலத் திறந்து கிடந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு போத்தல். சிவப்பு மூடி.

எலி வருகிறதாம்! இவள் போத்தலைக் கழற்றினால் பறவை பசியில் தன் ஜன்னலுக்குத் திரும்பும் என்ற கணக்கு. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் களவாக வளர்த்தது வெளியே வந்துவிடும். அதற்காக ஒரு உயிர் விறைத்துச் சாகட்டுமாம்!

பிறேமா போத்தலடிக்குப் போனாள். போத்தலைக் கழற்றினால் அந்த மனுசன் வென்றான். கழற்றாவிட்டால் பறவை வெளியிலேயே நின்று இரவுக்குள் விறைத்து முடிந்தது.

கழற்றினாள்.

"விட்டுக்குடுக்கிறியோ?" என்றார் அன்ரன்.

"நானோ? அந்தப் பூவையும் அள்ளிக்கொண்டு வாங்கோ!"

வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில் ஹீட்டரை முறுக்கி, போத்தலைக் கட்டி, பூக்களைக் கதவுவரை இறைத்தார்கள். இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பச்சைப் பொட்டு வாசலில் தயங்கியது. ஒரு பூவைக் கொத்தியது, அடுத்ததைக் கொத்தியது, உள்ளே வந்தது. பிறேமா கதவை அறைந்து சாத்தினாள்.

லிண்ட்னர் ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முன்கதவு அதிர்ந்தது.

"திற! அது என்னுடையது! என்னுடைய பறவை!"

கதவைத் திறந்தவள் கையில் போன் இருந்தது. மறுமுனையில் விலங்கு மீட்பு நிலையத்துப் பெண். "இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லுங்கள், லிண்ட்னர். இவர்களுக்கும் கேட்கட்டும்."

லிண்ட்னர் ஒரு படி பின்வாங்கினார்.

"வர ஒரு மணி நேரமாகும்," என்றது போன். "சீனி மட்டும் போதாது. சிறு பூச்சி ஏதாவது கிடைக்குமா?"

பிறேமா லிண்ட்னரை முறைத்தாள். அவர் தலை குனிந்தபடி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடிச் சாடி, உள்ளே பழ ஈக்கள்.

"உள்ளே வந்து பார்க்கலாமா?"

"தோட்டத்துப் பக்கம் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள்."

நின்றார். உள்ளே பறவை ஈ பிடிக்க, வெளியே அவர் மூச்சு கண்ணாடியில் புகைந்தது.

"பாவம் மனுசன், தேத்தண்ணி ஒண்டு குடுக்கட்டே?" என்றார் அன்ரன்.

"ஏலாது. அவருக்கும் கொஞ்சம் குளிரட்டும்."