குனிந்து காட்டிய குற்றம்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை. காலையில் சிறு தூறல் இருந்தது. பத்து மணிக்கு மேல் வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. அன்று மாலை நான்கு மணிக்கு, நான் பணிபுரியும் உதிரிபாகக் கிடங்கின் மருத்துவக் குழு என் முதுகை மூன்றாம் முறையாக விசாரிக்கவிருந்தது.

என் கோரிக்கை எளியது. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, முன்போல் அடுக்குகளுக்கிடையே நடந்து பெட்டி எடுத்துவரும் வேலைக்கு அனுப்ப வேண்டும்.

ஓராண்டுக்கு முன் எனக்கு முதுகுவலி கண்டபோது நிர்வாகம் மனமிரங்கி, வாயிலோர மேசையில் வரும் சரக்கைப் பதிவுசெய்யும் வேலையை எனக்கு வழங்கியது. எட்டு மணி நேரமும் அமர்ந்தே செய்யலாம். ஆறே மாதங்களில் முதுகு மரத்துண்டாயிற்று. உடன் பணிபுரிவோர் எனக்குக் ‘கடப்பாரை’ என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர். காலணி மாட்டிவிடும் பொறுப்பு என் மனைவியிடம் சென்றது.

இதன் காரணத்தைப் பெரிய மருத்துவமனையின் மூட்டுநோய் மருத்துவர், ஓர் அம்மையார், எனக்கு விளக்கினார். உடலைக் காப்பதற்கென்றே உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களில் சில, எதிரி எவரும் இல்லாதபோதும், தசைநார்கள் முதுகெலும்பைப் பற்றியிருக்கும் இடங்களில் கூடி அழற்சியை மூட்டுகின்றன. அவை விடுக்கும் செய்தியை நம்பி மேலும் பல அணுக்கள் வந்து சேர்கின்றன. நாளடைவில் அங்கே வேண்டாத எலும்பு வளர்ந்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகவும் கூடும்.

“ஓய்வெடுத்தா இறுகும், நடந்தா இளகும். மத்த முதுகுவலிக்கு நேர் எதிர்,” என்றார் அவர். “அணுக்களை அடக்குற ஊசிய நான் போடுறேன். அந்த நாற்காலிய நீங்க விட்டுத் தொலைங்க.”

விடுவது எளிதாக இல்லை. கடின வேலையிலிருந்து இலகு வேலைக்கு மாற எங்கள் அலுவலகத்தில் படிவம் உண்டு; எதிர்த்திசையில் செல்லப் படிவம் இல்லை. அத்தகைய மனிதன் பிறப்பான் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. ஆகவே இருந்த படிவத்தின் தலைப்பை அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.

குழுவின் தேர்வு ஒன்றே ஒன்றுதான்: குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். அதை மாலையில் நடத்துவதற்கும் காரணம் வைத்திருந்தனர். நாள் முழுதும் உழைத்துக் களைத்த முதுகு பொய் சொல்லாது என்பது அவர்களது கண்டுபிடிப்பு. நானோ நாள் முழுதும் அமர்ந்து இறுகிய முதுகோடு போய் நின்றேன். முதலிரு முறையும் என் விரல்கள் முழங்காலைத் தாண்டவில்லை. ‘நடக்கும் பணிக்குத் தகுதியற்றவர், நாற்காலி தொடர்க’ என இருமுறையும் தீர்ப்பு வந்தது.

அதே கிடங்கில் பொதிகட்டும் பிரிவில் இருக்கும் என் மனைவிதான் வழி கண்டாள். அன்று மட்டும் நான் உட்காரவே கூடாது என்று உத்தரவிட்டாள். அதன்படி மூன்றாம் மாடியின் கழிப்பறைக்குப் பதினான்கு முறை படியேறி இறங்கினேன். மேற்பார்வையாளர் எனக்குச் சர்க்கரை நோய் என்று ஐயுற்று, தமக்குத் தெரிந்த கஷாயம் ஒன்றைப் பரிந்துரைத்தார்.

நான்கு மணிக்கு, குழுவினரான கிடங்கு மருத்துவர், பணியாளர் அதிகாரி, கிடங்குத் தலைவர் ஆகிய மூவர் முன்னிலையில் குனிந்தேன். விரல்நுனிகள் காலணியைத் தொட்டன.

கிடங்கு மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். “போன மாசம் முட்டியத் தாண்டல. இன்னைக்குத் தொடுறீங்க. அப்போ ஒரு வருஷமா நடிச்சீங்களா?”

அணுக்களின் செயலை, அம்மையார் கூறிய வரிசை பிசகாமல் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தியா இருந்தா சந்தோஷப்படணும்யா. அத அடக்க யாராவது ஊசி போடுவாங்களா?”

“இவரோட அணுவாவது ஓவர்டைம் பாக்குதே, விடுங்க சார்,” என்றார் பணியாளர் அதிகாரி. கிடங்குத் தலைவர் சிரித்தார்.

தீர்ப்பு எழுதப்பட்டது. நோய் ஏதுமில்லை, ஊழியர் இதுவரை நடித்து நிர்வாகத்தை ஏமாற்றியுள்ளார், அதற்குத் தண்டனையாக நாற்காலி பறிக்கப்பட்டு, நாளை முதல் அடுக்குகளிடையே நடக்கும் பணிக்கு அனுப்பப்படுகிறார். நடித்தது உண்மை என்று நான் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் வாயிலோர மேசைதான்.

பதினெட்டு ஆண்டுப் பணியில் என்னை ஒருவரும் பொய்யன் என்றதில்லை. தாளை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து, காத்திருந்த மனைவியிடம் நீட்டினேன். அவள் இருமுறை படித்தாள்.

“என்ன யோசன?”

“பொய்யன்னு எழுதியிருக்கான்டி.”

“எழுதிட்டுப் போறான். பொய்யன் தன் செருப்பத் தானே குனிஞ்சு மாட்டுவான்ல? எனக்கு அது போதும். போடுங்க கையெழுத்த.”

சுவரில் தாளை வைத்து முழுப்பெயரையும் எழுதினேன். உள்ளே சென்று கொடுத்தேன். பணியாளர் அதிகாரி முத்திரை குத்தி, இனியாவது ஒழுங்காக இருக்குமாறு அறிவுரை கூறினார். நன்றி தெரிவித்துக் கதவைச் சாத்தியபோது மணி சரியாக நான்கு ஐம்பத்திரண்டு.