ஒதுக்கிய சொற்களில் ஒரு தலைப்பு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, அண்ணியிடம் சுட்டது. சாப்பிடும்போது அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் மனதுக்குள் முதல் வரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"முழிக்கிற முழியே சரியில்லையே தம்பி. எழுதப் போறீங்களா?" என்றார். "எழுதுங்க. ஆனா யாரையும் சாகடிக்காதீங்க."

2

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..." (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

"சொற்கள் என்பவை..." (இதுவும் வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். அண்ணி ஒரு மண் ஆராய்ச்சி நிலையத்தில் நூலகர். அங்கே வெளியான நாலாயிரத்துச் சொச்சம் கட்டுரைகளின் தலைப்புகளுக்குச் சொல்லடைவு தயாரிக்கிறார். 'களிமண்ணில் ஈரம் அளக்கும் முறை' என்று ஒரு தலைப்பு இருந்தால், அது களிமண்ணின் கீழ் ஒரு வரி, ஈரத்தின் கீழ் ஒரு வரி, அளத்தலின் கீழ் ஒரு வரி என்று மூன்று இடத்தில் வரும். முறையின் கீழ் வராது. எல்லாத் தலைப்பிலும் தலையைக் காட்டும் சொல்லால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்ட எழுபத்து மூன்று சொற்களை ஒதுக்கி, பட்டியல் போட்டு மேசைமேல் ஒட்டியிருக்கிறார் அண்ணி. அந்தப் பட்டியலில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

3

அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், ஓய்வு பெற்ற மண் பரிசோதகர் ஒருவர் மகளோடு வந்தார். மகளும் அதே நிலையத்தில்தான் வேலை பார்க்கிறாள். அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுரை எழுதியவர். வீட்டில் அதை யாரும் பார்த்ததில்லை.

சொல்லடைவின் கைப்படியை அரை மணி நேரம் புரட்டினார். விரல் இறங்கிக்கொண்டே போனது. கிடைக்கவில்லை.*

"பரவாயில்லப்பா, விடுங்க," என்றாள் மகள், மிக அன்பாக. அந்த அன்புதான் அவரைக் கொன்றது. (மன்னிக்கவும் அண்ணி. பேச்சுக்குச் சொன்னேன்.) நம்பாதவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"தலைப்பு என்னங்க ஐயா?" என்று கேட்டார் அண்ணி.

"இது பற்றி மேலும் ஒரு சிறு குறிப்பு."

அண்ணி மேசைமேல் ஒட்டிய பட்டியலைப் பார்த்தார். இது, பற்றி, மேலும், ஒரு, சிறு, குறிப்பு. ஆறும் அதில் இருந்தன. எந்தச் சொல்லின் கீழும் விழாமல் அந்தக் கட்டுரை மட்டும் புத்தகத்தை விட்டே வெளியேறியிருந்தது.

"ஏங்க ஐயா இப்படி ஒரு தலைப்பு வச்சீங்க?"

"முன்னாடி கட்டுரை மேலதிகாரியோடது. அது முடியற இடத்துல என்னோடது. அடக்கமா இருக்கட்டும்னு நெனச்சேன்."

* 'பெயரை வைத்துத் தேடியிருக்கலாமே' என்பீர்கள். அந்தக் காலத்தில் அங்கே துறையின் பெயர்தான் போடுவார்கள். எழுதியவருக்குக் கடைசி வரியின் ஓரத்தில் பெயர்ச் சுருக்கமாக இரண்டு எழுத்து.

4

முதல் வரைவில் இவரை நோயாளியாக்கியிருந்தேன். கண்ணீருக்குச் செலவில்லாத வழி. அண்ணி படித்துவிட்டு, "மனுஷன் ரெண்டு மாடி ஏறி வந்தாரு. மூச்சு வாங்கினது எனக்குத்தான்," என்றார். எனவே ஆரோக்கியமாகவே இருக்கிறார்.

5

"எந்த வருஷம்னு நினைவிருக்கா?"

"இவ தவழ்ந்துக்கிட்டிருந்தா. கையெழுத்துப் படியில ஒரு பக்கத்தை வாயில போட்டுட்டா. திரும்ப எழுதினேன்."

மகளின் வயதைக் கணக்குப் போட்டு இரண்டு தொகுதிகளை இறக்கினார்கள். இரண்டாவதில் இருந்தது. ஒன்றரைப் பக்கம். மண்ணை எடை போடுமுன் எவ்வளவு நேரம் உலர்த்த வேண்டும் என்பதுதான் விஷயம். கடைசி வரியின் ஓரத்தில் இரண்டு எழுத்து.

மகள் நின்றபடியே படித்தாள். "நாங்க இன்னைக்கும் இவ்வளவு நேரம்தாம்ப்பா உலர்த்தறோம். ஏன்னு யாருக்கும் தெரியாது," என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

6

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் சொல்லடைவு மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். ஆறில் ஒரு சொல்லையாவது விடுவித்தால்தான் கட்டுரை உள்ளே வரும்.

முடிவு அ: 'மேலும்'. பதினோரு வரிதான் கூடும். ஆனால் மண்ணைத் தேடி வருகிறவர் 'மேலும்' என்று ஏன் தேடப்போகிறார்?

முடிவு ஆ: 'குறிப்பு'. தேடுவார்கள். ஆனால் அறுநூற்று நாற்பது வரிகள் கூடும், அந்தக் கூட்டத்தில் இவர் தொலைந்துபோவார்.

முடிவு இ: தலைப்பில் இல்லாத 'உலர்த்தல்' என்ற சொல்லைச் சேர்த்துவிடலாம். தலைப்பில் இல்லாததைச் சேர்ப்பதில்லை என்பது அண்ணி இருபது வருடமாகக் காத்துவரும் விதி.

முடிவு ஈ: அண்ணி பென்சிலை எடுத்து...

அண்ணி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவரைப் போய்க் கேட்காதீர்கள், அவரும் சொல்ல மாட்டார்.

உங்களுக்காகக் கைப்படியைத் திறந்து வைத்திருக்கிறேன். பென்சிலையும் சீவியாயிற்று. பரிசோதகர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணியைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.