'டிக்' என்றால் நல்ல துப்பாக்கி

"சத்தம் போடாதீங்கக்கா, இது ஆபீஸு."

"சத்தம் போட வேண்டியது நானாப்பா? உன் துப்பாக்கி போடணும்! அது போடல, அதனாலதான் நான் போடறேன்!"

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. தோட்டா ஈரமா இருந்திருக்கும்."

"போன வாட்டி எண்ணெ ஜாஸ்தின்னே. அதுக்கு முந்தின வாட்டி எண்ணெயே போடலன்னே. இப்ப ஈரமா? அடுத்த வாட்டி என்ன எழுதுவே, பொம்பளை கையில இருக்கறதுக்கு துப்பாக்கி வெக்கப்படுதுன்னா?"

வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாதுரைக்குக் காது சிவந்தது.

இது நடந்தது 1961-ல், பெங்களூர் மாகடி ரோட்டில் இருந்த மயூரா துப்பாக்கிக் கம்பெனியில். அப்பாதுரைக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு ஸ்ரீராம்புரத்தில். கம்பெனியில் அவருக்கு இரண்டு வேலை. காலையில் புதுத் துப்பாக்கிகளைச் சோதித்து 'பாஸ்' போடுவது. மதியம் வாரண்டி ஜன்னலில் உட்கார்ந்து, பழுது என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. அதாவது தானே பாஸ் போட்ட துப்பாக்கிக்குத் தானே தீர்ப்பும் சொல்ல வேண்டும். அவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் மேஜையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தன. ஒன்றில் 'உபயோகிப்பவர் தவறு' என்று இருக்கும். அது தேய்ந்து மொட்டையாகிவிட்டது. இன்னொன்றில் 'பழுது உண்டு' என்று இருப்பதாகக் கேள்வி. கேள்விதான், ஏனென்றால் மூன்று வருடமாக அது கடையில் சுற்றிக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் டிராயரில் கிடந்தது.

ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை. 'இந்த மாதம் பழுது: 0'. மேனேஜர் டெஸ்மண்ட் அந்தச் சைபரைத் தினமும் பார்த்து மகிழ்வார். அது மாறாமல் இருந்தால் ஒண்ணாம் தேதி அப்பாதுரை சூப்பர்வைசர் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் மனைவி காந்தா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற சந்திரம்மாவுக்கு இந்தச் சைபர் எல்லாம் தெரியாது. ஆனேக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் வேர்க்கடலை போட்டிருந்தாள். காட்டுப் பன்றிகள் இறங்கினால் ஒரே ராத்திரியில் கொல்லையை உழுதுவிட்டுப் போய்விடும். போன வருடம் பாதிக் கடலை அப்படித்தான் போனது. புருஷன் இறந்த பிறகு பயிர்க்காவலுக்கான துப்பாக்கி லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற எட்டு மாதம் தாலுக்கா ஆபீஸுக்கு நடந்தவள். பன்றியைக் கொல்லக்கூட வேண்டாம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலை காட்டாது. அந்த ஒரு வெடிதான் வரவில்லை. கடலை பிடுங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"ரூல்ஸ்படி நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்று அப்பாதுரை மொட்டை ஸ்டாம்ப்பை எடுத்தார்.

"இரு. ரூல்ஸு என்கிட்டயும் இருக்கு." சந்திரம்மா மடியிலிருந்து வாரண்டி கார்டை எடுத்தாள். "எங்க ஊரு ஸ்கூல் மேஷ்டர் படிச்சுச் சொன்னாரு. பதினோராவது வரி. படி, ஜோரா படி."

அப்பாதுரை படித்தார். 'வாங்கியவர் விரும்பினால், எங்கள் ஆள் வீட்டிற்கே வந்து இயக்கிக் காட்டி, வீட்டுப் பெண்களுக்கும் கற்றுத் தருவார்.'

அவருக்கு வியர்த்தது. கம்பெனி தொடங்கிய அவசரத்தில் யாரோ ஒரு தையல் மிஷின் கார்டைப் பார்த்து அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். 'தையல்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'துப்பாக்கி' என்று மாற்றியவர்கள் இந்த வரியை மறந்துவிட்டார்கள்.

"நான்தான் அந்த வீட்டுப் பொம்பளை" என்றாள் சந்திரம்மா. "வந்து கத்துக் குடு, நடப்பா."

அப்பாதுரை மேனேஜரிடம் ஓடினார். டெஸ்மண்ட் கார்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்ன மேன் இது? பிரிண்ட் ஆயிடுச்சே! போ, போய் ரெண்டு ரவுண்டு சுட்டுக் காட்டிட்டு, 'நோ டிஃபெக்ட்'னு அந்த லேடிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. போர்டுல சைபர் மாறக் கூடாது, தெரியுதா?"

அப்பாதுரைக்குத் தைரியம் வந்தது. அது தான் சோதித்த துப்பாக்கிதானே!

அவர் எப்படிச் சோதித்தார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியையும் ஐந்து தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் சுடும் முற்றத்துக்குப் பின்சுவர் மேனேஜர் பங்களா. மேனேஜர் வீட்டம்மா யூனிஸ் அங்கே ஆசையாக இருபது லெகார்ன் கோழி வளர்த்தார். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. மறு வாரமே சுடுவதும் நின்றது. அதன்பின் அப்பாதுரை வெறும் துப்பாக்கியின் விசையை இழுப்பார். 'டிக்' என்று சத்தம் வந்தால் நல்ல துப்பாக்கி. பாஸ். கோழிகளும் மறுபடி முட்டையிட்டன.

மறுநாள் மதியம் கலாசிபாளையத்தில் பஸ் பிடித்து, அப்பாதுரை ஆனேக்கலில் இறங்கினார். கம்பெனியிலிருந்து புதுத் தோட்டா, புது எண்ணெய் எல்லாம் கொண்டுபோயிருந்தார். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கோழிக் குழம்பும் ராகிக் களியும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத் துப்பாக்கியின் பாகங்களை எல்லாம் விளக்கி ஒரு பிரசங்கமே செய்தார்.

"இப்ப மேல பாத்து ஒண்ணு சுட்டுக் காட்டேன்" என்றாள் சந்திரம்மா.

"தோட்டா வீண் பண்ணக் கூடாதுக்கா. பன்னி வரட்டும், நேர்லயே பாத்துக்கலாம்."

பொழுது சாயும் நேரம் பன்றிகள் வந்தன. ஏழெட்டு உருப்படி. முன்னால் வந்த ஆண் பன்றி ஒரு சின்னக் கட்டில் அளவு இருந்தது. ஊரார் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். அப்பாதுரை துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, விசையை இழுத்தார்.

டிக்.

பன்றி தலை தூக்கிப் பார்த்தது.

டிக்.

பன்றி குனிந்து கடலையைத் தோண்ட ஆரம்பித்தது. எங்கிருந்தோ இன்னும் நாலு பன்றி வந்து சேர்ந்தன.

"மூணு மாசமாக் கேக்குதுல்ல" என்று பின்னாலிருந்து சந்திரம்மா சொன்னாள். "அதுக்கு இது சாப்பாட்டு மணி."

அப்பாதுரை அவசரமாக வேறு தோட்டா மாற்றினார். தோட்டா நழுவிக் கல்லில் விழுந்து சத்தம் போட்டது. பெரிய பன்றி அவர் பக்கம் திரும்பி, மண்ணைக் காலால் ஒரு சீய்ப்புச் சீய்த்தது. அவ்வளவுதான். துப்பாக்கி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அப்பாதுரை பக்கத்து மாமரத்தின் மூன்றாவது கிளையில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

ஊரார் தகர டின்னைத் தட்டிக் கூச்சல் போட, பன்றிகள் ஓடின.

"எறங்குப்பா, போயிடுச்சு."

"பெருசு போச்சான்னு நல்லாப் பாருங்கக்கா. ஐயோ, எறும்பு! மரம் பூரா செவப்பு எறும்பு!"

"டின்னுக்கு லைசென்ஸு இல்ல, கார்டு இல்ல, வேலை செய்யுது பாரு."

"அப்ப டின்னே போதுமேக்கா!"

"ரெண்டு நாளு தட்டுனா அதுக்கும் பழகிடும், உன் 'டிக்'குக்குப் பழகுன மாதிரி." சந்திரம்மா மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். "அங்கிருந்தே ஒரு பதில் சொல்லு. தோட்டா நீ கொண்டாந்தது. எண்ணெ நீ போட்டது. சுட்டது நீ. இப்ப என்னா ஸ்டாம்ப்பு குத்துவே? உபயோகிச்சவன் நீதானே?"

ஊரே சிரித்தது. எறும்புக் கடியோடு அப்பாதுரையும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஆனால் சந்திரம்மா சிரிக்கவில்லை.

"உனக்கு மரம் ஏறத் தெரிஞ்சிருக்கு. என் மவன் இளங்கோவனுக்குத் தெரியல. மூணு மாசம் முன்னாடி இதே எடத்துல இதே மாதிரி 'டிக்'குன்னு நின்னான். தொடையில பதினோரு தையலு. இன்னும் கோல் ஊனித்தான் நடக்கறான்."

அப்பாதுரையின் சிரிப்பு நின்றது. "இதை ஏன்க்கா நீங்க சொல்லவே இல்ல?"

"மொதல் பாரத்துலயே எழுதிக் குடுத்தேனே. நீ படிக்கல?"

அவர் படிக்கவில்லை. துப்பாக்கி நம்பரை மட்டும் பார்ப்பார், ஸ்டாம்ப்பைக் குத்துவார். மூன்று வருடமாக ஒரு பாரத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை.

அப்பாதுரை இறங்கி வந்தார். துப்பாக்கியை ரசீது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்துக் கேட்கவில்லை.

காலையில் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்கு வந்து, கட்டுக் கட்டாகக் கிடந்த பாரங்களை எடுத்து வைத்துப் படித்தார். மொத்தம் நாற்பத்தொன்று. அதில் முப்பத்தாறில் ஒரே புகார்: 'டிக் என்று மட்டும் சத்தம் வருகிறது.' ஒரு பாங்க் காவல்காரர் எழுதியிருந்தார்: 'ஐயா, என் துப்பாக்கி சுடாது என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். தயவுசெய்து ரகசியமாக ரிப்பேர் செய்து அனுப்பவும்.' அதற்கும் 'உபயோகிப்பவர் தவறு' குத்தியிருந்தது, கொஞ்சம் கோணலாக.

சந்திரம்மாவின் முதல் பாரமும் கிடைத்தது. இளங்கோவன், தொடை, பதினோரு தையல். எல்லாம் இருந்தது. ஸ்டாம்ப் சரியாக அந்த வரி மேலேயே விழுந்திருந்தது.

துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தார். தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கிற இரும்பு ஊசி ஒரு நெல் உமி அளவு குட்டை. விசையை இழுத்தால் 'டிக்' என்கிறது, தோட்டாவைத் தொடவில்லை. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

டிராயரைத் திறந்து, இரண்டாவது ஸ்டாம்ப்பின் காகிதத்தைப் பிரித்தார். 'பழுது உண்டு'. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. முப்பத்தாறு தடவை குத்தினார். பிறகு சாக்குக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் சைபரை அழித்து 36 என்று எழுதினார்.

டெஸ்மண்ட் உள்ளே வந்ததும் பலகையைப் பார்த்தார். பிறகு, எறும்பு கடித்து வீங்கிய அப்பாதுரையின் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு ஃபீவரா மேன்? என்ன பண்ணி வெச்சிருக்கே? ஒண்ணாம் தேதி ப்ரமோஷன் வேணுமா வேணாமா?"

"வேணும் சார். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க ஞாயித்துக்கெழமை ஷிகார் வேட்டைக்குப் போறப்போ எந்தத் துப்பாக்கி எடுத்துட்டுப் போறீங்க?"

ஆபீஸ் மூலையில், பச்சைத் துணி உறைக்குள், டெஸ்மண்டின் துப்பாக்கி சாய்ந்து நின்றது. இங்கிலீஷ்காரன் செய்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

அப்பாதுரை மெதுவாகச் சொன்னார்: "நாம நம்பித் தோள்ல மாட்டாத சாமானை அடுத்தவன் கையில குடுத்து, 'உன் தப்பு'ன்னு சொல்றது பாவம் சார். நானும் மூணு வருசம் சொன்னேன். நேத்து மரத்து மேல உக்காந்திருந்தப்பதான் தெரிஞ்சுது, ஸ்டாம்ப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்கறான்னு."

டெஸ்மண்ட் ஜன்னல் வழியாகத் தன் பங்களாவின் கோழிக் கூண்டைப் பார்த்தார்.

"யூனிஸுக்கு யாரு மேன் சொல்றது?" என்றார் கடைசியில்.

அன்று மதியமே சுடும் முற்றம் திறந்தது. நாலாம் நாள் சந்திரம்மாவின் துப்பாக்கி, புது ஊசி போட்டு, ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்துத் திரும்பிப் போனது. புகார் எழுதிய மற்ற எல்லாருக்கும் அப்பாதுரை தன் கையாலேயே கடிதம் எழுதினார். பாங்க் காவல்காரருக்குப் போன கடிதத்தின் மேல் 'அந்தரங்கம்' என்று எழுதினார்.

ஒண்ணாம் தேதி சூப்பர்வைசர் வேலை அவருக்கு வரவில்லை, வேறொருவருக்குப் போனது. காந்தா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சந்திரம்மா ஒரு மூட்டை வேர்க்கடலையோடு ஸ்ரீராம்புரம் சந்துக்குள் வந்து இறங்கினாள். கூடவே கோல் ஊனிக்கொண்டு இளங்கோவன்.

"ஒரே வெடி" என்றாள் சந்திரம்மா. "பன்னிங்க சாப்பாட்டு மணின்னு நெனச்சு வந்துச்சுங்க பாவம். ஸ்டேட்டு எல்லையத் தாண்டிதான் நின்னிருக்கும்."

கடலை வறுத்துக்கொண்டே காந்தா கேட்டாள்: "ஏங்க, அந்த மேனேஜர் வீட்டுக் கோழிங்க?"

"முட்டையே போடறதில்லையாம். இப்ப மார்க்கெட்டுல வாங்கறாங்க" என்றார் அப்பாதுரை. "ஜனங்க உசிரோட இருக்கட்டும், முட்டைய வாங்கிக்கலாம்."

படிக்கிறவர்களே, துப்பாக்கியை விடுங்கள். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறோம், வேறொரு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறோம். உள்ளே இருக்கும்போது பாரத்தை முழுசாகப் படியுங்கள். வெளியே நிற்கும்போது கார்டை முழுசாகப் படியுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். பழுதை ஒப்புக்கொள்கிறவன் கெட்டுப்போவதில்லை, மறைக்கிறவனால்தான் அடுத்தவன் தொடையில் தையல் விழுகிறது.

உங்களிடமும் யாராவது 'உபயோகிப்பவர் தவறு' என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? என்ன சாமான், என்ன காரணம் சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்? இரண்டு வரியானாலும் எழுதுங்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் முழுசாகப் படிக்க ஆள் இருக்கிறது.