ஏற்ற ஏற்ற உயர்ந்த கப்பல்

ஈரத் தாதுவை ஏற்ற ஏற்றக் கப்பல் தண்ணீரில் அமிழாமல் மேலே எழும்பியது எங்கள் துறைமுகத்தில்தான் முதலில் நடந்தது. பிற்பாடு வேறு இடங்களிலும் நடந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் இந்த அளவுக்கு உயரவில்லை என்று கேள்வி. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. வெங்காய விலை இறங்கியிருந்தது, கயிற்று விலை ஏறியிருந்தது, கப்பல் எழும்பியிருந்தது. மூன்றையும் பற்றி ஊரில் பேசினார்கள். முதல் இரண்டுக்கும் காரணம் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதற்குக் காரணம் டப்பாக்காரி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை.

சரக்கைப் பரிசோதித்து, இதைக் கப்பலில் ஏற்றலாம் அல்லது ஆகாது என்று சொல்வது அவள் வேலை. அதற்கான படிப்பு இருந்தது, அதைவிடப் பெரிய வாய் இருந்தது. கப்பலின் சரக்கறைக்குள் இறங்கினால் சுவரெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். துரு உதிர்ந்தால் வெளியே வந்து முதலில் கண்ணில் படுகிறவரைத் திட்டுவாள், அவர் கேப்டனாக இருந்தாலும் சரி. சரக்கறையின் மூடி ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே குழாயால் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லிவிட்டு, தானே அடியில் அண்ணாந்து நிற்பாள். நனைந்து வந்தால் கப்பலுக்கு மூடி மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஏற்றும்போதும் விடமாட்டாள். கிழிந்த மூட்டை ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டு போனால், அந்தரத்திலேயே நிறுத்தி இறக்க வைப்பாள். சரக்கு ஏஜென்ட்டுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. சம்பளம் வாங்கிக்கொண்டு சரக்குக்குச் சம்பந்தி மாதிரி குறை சொல்கிறாள் என்று அலுத்துக்கொள்வார்.

டப்பா என்பது மூடியில்லாத பழைய பால்பவுடர் டப்பா. தாது மண் வந்தால் அதில் பாதியளவு போட்டு, கான்கிரீட் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டுவாள். பார்வைக்கு அந்த மண் காய்ந்துதான் இருக்கும், கையில் அள்ளினால் உதிரும். தட்டத் தட்ட, உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர் மெல்ல மேலே வந்து பளபளக்கும். பளபளத்தால் ஆகாது. கடலில் அலை இதே வேலையைத்தான் செய்யும். கப்பல்தான் டப்பா. நல்ல மண்ணாகப் போனது வழியில் கூழாகிவிடும், கூழ் ஒரு பக்கமாகச் சரியும், கப்பலும் கூடவே சரியும். இது ஒன்றும் ரகசியம் இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கிடங்குக்காரர்கள் குவியலின் உச்சியில் வெயில் பட்ட மண்ணைத்தான் சோதனைக்கு அள்ளித் தருவார்கள். அவளோ குவியல் மேல் ஏறி, தோள்வரை கையைவிட்டு உள்ளேயிருந்து பிடுங்கி எடுப்பாள். "தோலைத் தொட்டுப் பாத்துட்டுப் பழம் இனிக்குதுன்னு சொல்லச் சொல்றியா?" என்று கேட்பாள். பதிலுக்கு அவர்கள் சிரித்து மழுப்புவார்கள்.

முந்தின மழைக்காலத்தில் அதே கிடங்கிலிருந்து ஏற்றிப்போன ஒரு கப்பல், காற்றில்லாத கடலில், பட்டப்பகலில், தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல் படுத்துவிட்டது. யாரும் திரும்பவில்லை. அப்போது டப்பாக்காரி காய்ச்சலில் கிடந்தாள். ஏற்றலாம் என்று கையெழுத்துப் போட்டவர் இன்னொரு பரிசோதகர், தலையாட்டி என்று பெயர் எடுத்தவர். நல்ல மனிதர்தான். யார் எது சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார், அவ்வளவுதான் அவர் செய்கிற கெடுதல். போனவர்களின் செருப்புகள் சில வீட்டு வாசல்களில் இன்னும் கிடக்கின்றன. அந்த வழியாகப் போகும்போது தலையாட்டி குனிந்துகொண்டு வேகமாக நடப்பார்.

இந்த முறை வந்த கப்பலில் டப்பாக்காரியின் தம்பி வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்பா அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். புறப்படுவதற்கு முன் அவன் பையோடு அவள் வீட்டுக்கு வந்தபோது, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவனிடம் நீட்டினாள். உள்ளே மண் கண்ணாடி போல மின்னியது.

"அக்கா, பேசாம கையெழுத்துப் போட்டுடு. நீ போடலன்னா வேற ஆளு போடப்போறான். கெட்ட பேரு எனக்குத்தான்."

"அவன் போடட்டும். நீ இறங்கிடு."

"இறங்கினா அடுத்த கப்பல்ல எவன் சேத்துப்பான்? எல்லாக் கப்பலும் இப்படித்தான் போகுது."

"எல்லாக் கப்பலும் திரும்பி வந்துச்சா?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

மறுநாள் ஏஜென்ட் அவளுடைய அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துறைமுக வாசலுக்கு வெளியே அனுப்பினார். தலையாட்டி தலையாட்டிக் கையெழுத்தும் போட்டார். ஏற்றும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. டப்பாக்காரி வீட்டுக்குப் போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே ஒரு காலி பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் தரையில் தட்ட ஆரம்பித்தாள். காவலாளி வந்து அதட்டினார். இது பொது ரோடு, இது என் டப்பா, உனக்கு எது இடைஞ்சல் என்று கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கப்பலின் வெளிப்பக்கத்தில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் எண்கள் இருக்கும். சரக்கு ஏற ஏறக் கீழ் எண்கள் தண்ணீருக்குள் போகும். அன்று படகில் சுற்றிவந்து எண்களைப் படித்தவர், மறைந்திருந்த எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்தார். முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு படகைத் திருப்பச் சொன்னார். பிறகு மேலே போய்ச் சொன்னார். இங்கேதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார்கள். கப்பலின் பக்கத்தில் போட்டிருக்கும் எல்லைக்கோடு தண்ணீரைத் தொடும்வரை ஏற்றலாம் என்பது அவர்கள் கணக்கு. கோடு தண்ணீரைவிட்டு விலகிப் போகிறது என்றால் கப்பலில் இன்னும் இடமிருக்கிறது என்று அர்த்தம். ஏஜென்ட்டுக்கு வாயெல்லாம் பல். இன்னும் ஏற்றச் சொன்னார். கப்பல் இன்னும் எழும்பியது. கிடங்கில் இருந்த அடுத்த குவியலையும் ஏற்றினார்கள். அதற்குள் கப்பலின் அடிப்பாகம் முழுக்க வெளியே வந்துவிட்டது. அதில் ஒட்டியிருந்த சிப்பிகள் வெயிலில் காய்ந்து உதிர, பெண்கள் கூடையோடு படகில் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். கரை மேடையில் நின்ற ஏற்றும் இயந்திரத்துக்கு இனி எட்டாது என்ற நிலை வந்தபிறகுதான் நிறுத்தினார்கள்.

கப்பல் அந்தரத்தில் நின்றது. கப்பலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மாடி வீட்டைக் கட்டலாம். மீன்பிடிப் படகுகள் நிழலுக்கு அதன் அடியில் வந்து ஒதுங்கின. கேப்டன் இயந்திரத்தை முடுக்கிப் பார்த்தார். பின்னாலிருந்த பெரிய விசிறி வெறும் காற்றைக் கடைந்து, இரண்டு தெருத் துணிகளைக் கொடியிலிருந்து பறக்கடித்தது. இழுவைப் படகுகள் கயிறு கட்டி இழுத்தபோது, கயிறு அறுந்ததுதான் மிச்சம். கயிற்று விலை இன்னும் ஏறியது. அலை ஏற்றம் என்று துறைமுக அலுவலகம் சப்பைக்கட்டு கட்டியது. அலை இறங்கியபிறகு அலுவலகம் வாயைத் திறக்கவில்லை.

நூலேணி பாதி தூரம்தான் எட்டியதால் மாலுமிகளால் இறங்க முடியவில்லை. சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார்கள். நாள் போகப் போகத் தரையில் இருந்தவர்களின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் யாரோ கண்டுபிடித்தார்கள்: டப்பாக்காரி கையெழுத்துப் போட்டால் கப்பல் இறங்கிவிடும். உடனே எல்லோரும் வேலிக்கு வெளியே ஓடினார்கள். ஏஜென்ட் அனுமதி அட்டையைத் தட்டில் வைக்காத குறையாக நீட்டினார். அவள் டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது ஏஜென்ட் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அது அயோக்கியத்தனம், வேறு வார்த்தை கிடையாது.

தம்பி மனைவி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணி, அவரு மேல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஒரு கையெழுத்துதானே. எனக்காகப் போடுங்க அண்ணி."

டப்பாக்காரி தட்டுவதை நிறுத்தினாள். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டால் தம்பியை அன்று மாலையே கீழே பார்க்கலாம், மறுநாள் காலை அவன் அந்த மண்ணோடு நடுக்கடலுக்குப் போவான். இரண்டும் ஏஜென்ட் நீட்டிய ஒரே பேனாவில் இருந்தன. பேனாவை வாங்கி, டப்பாவுக்குள் இருந்த மண்ணில் குத்தினாள். அது சேற்றில் குத்திய குச்சிபோல் மெல்லச் சாய்ந்து விழுந்தது.

"கடலுக்கு அடியில கிடக்கறதுக்கு, ஆகாசத்துலயே கிடக்கட்டும்மா. அங்கயாவது கூப்பிட்டா கேக்கும்" என்றாள். பிறகு தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

மேலே அன்று காற்று வீசியது. தொங்கும் கப்பல் லேசாக ஆடியது, தொட்டில் ஆடுகிற அளவுதான். சரக்கறையை எட்டிப் பார்த்த தம்பி, கெட்டியாக நிரவியிருந்த மண் சுவருக்குச் சுவர் தளும்புவதைக் கண்டான். உள்ளே இறங்கிய ஒருவனின் கால் முழங்கால்வரை புதைந்தது. இரண்டு பேராகப் பிடித்து இழுத்ததில் ஆள் வந்தான், பூட்ஸ் வரவில்லை. இந்தச் சின்ன ஆட்டத்துக்கே இப்படி என்றால் என்று யாரோ தொடங்கி, முடிக்காமல் விட்டார்கள். கீழேயிருந்து டப்பா தட்டும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. தம்பி மண்வெட்டியை எடுத்தான். கேப்டன் அது கம்பெனிச் சரக்கு, கையை வைத்தால் எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்காது என்று கத்தினார்.

"எங்கக்கா ஆகாதுன்னா ஆகாது" என்றான் தம்பி. முதல் வெட்டு மண் கப்பலின் விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. கப்பல் ஒரு விரற்கடை இறங்கியது. அதைக் காலடியில் உணர்ந்த மற்றவர்களும் ஆளுக்கொரு மண்வெட்டியைத் தேடினார்கள். வாளி கிடைத்தவர்கள் வாளி எடுத்தார்கள். பல நாட்கள் ஊரின் மேல் சிவப்புச் சேறு பெய்தது. ஏஜென்ட்டின் வெள்ளைச் சட்டைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஓரளவு இறங்கியதும் தலையாட்டி யாரும் சொல்லாமலே மேடைக்கு வந்து, இயந்திரத்தை வைத்து மீதியை அள்ளச் சொல்லித் தானே கத்தினார். ஏஜென்ட் வந்து வேண்டாம் என்று சொன்னபோது, அவர் தலை பக்கவாட்டில் ஆடியது. அவர் அப்படி ஆட்டி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. கடைசிக் கூழும் வெளியே போனதும் கப்பல் சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது.

டப்பாக்காரிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அனுமதி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலைத் திட்டப் போனாள். இப்போது எங்கள் துறைமுகத்தில் நூலேணிகளை இரட்டை நீளத்தில் வாங்குகிறார்கள். கட்டண அட்டவணையில், கப்பல் எழும்பினால் நிழலுக்கு ஒதுங்கும் படகுகளுக்குக் கட்டணம் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு எழும்பும். ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

கேப்டன் சொன்னது பலிக்கவில்லை, தம்பி இன்னும் கப்பலுக்குத்தான் போகிறான். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன், ஏற்றுகிற சரக்கில் ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்து அக்கா வீட்டு வாசற்படிக்குக் கொண்டுவருவான். அவள் டப்பாவில் போட்டுத் தட்டுவாள். சில நாள் போய்ட்டு வா என்பாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை நீட்டுவாள். அன்றைக்கு அவன் வீட்டுக்குத் திரும்பிப் பையைக் கீழே வைப்பான், அவன் மனைவி சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் மாட்டுவாள். கப்பல் எழும்பியதா என்று இரண்டு பேரும் போய்ப் பார்ப்பதில்லை.